காலத்தில் வராத இரக்கம்

கோவில்பட்டிச் சீமையில் கதை எழுதுகிற, குறும்படம் எடுக்கிற இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும்,

எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று நாலா பக்கமும் இருந்து உங்கள் கதைகள் என் கைக்கு வருகின்றன. செல்போனை வைத்தே படம் எடுத்து, பத்து நிமிஷத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக் காலம் போக்கிய எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு கிடையாது.

கொஞ்ச நாளாக உங்கள் கதைகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கொலைகாரன் ஒருவன் வருகிறான். கந்துவட்டிக்காரனின் அடியாளாகவோ, கூலிக்கு வெட்டுகிறவனாகவோ இருக்கிறான். படம் முடியப்போகும் நேரத்தில் அவனுடைய சின்ன வயசு வருகிறது. குடிகார அப்பன், அடி, பசி, செத்துப்போன அம்மா. வயலின் அழுகிறது. பிறகு அவன் முகத்தை அண்மையில் காட்டி முடிக்கிறீர்கள். சமீபத்தில் அப்படி ஒரு படத்தைப் போட்டு முடித்ததும் அரங்கத்தில் வாக்குவாதம் வந்தது. "அவன் பாவம்தானே சார்?" என்று ஒரு தம்பி கேட்டான். "அப்ப செத்தவன் பாவமில்லையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நேரமாகிவிட்டது என்று கலைந்துவிட்டோம். அங்கே சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி வாங்கிய அந்தக் குழந்தைக்கு முழுசாக இரங்க வேண்டும், ஒரு பைசா குறைக்காமல். ஆனால் அந்த இரக்கத்தை எடுத்து, வளர்ந்தவன் செய்த கொலையின் மேல் தள்ளுபடியாகக் கழிக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

2019 அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு படங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்று ‘ஜோக்கர்’, இன்னொன்று ‘அசுரன்’. உங்களில் பாதிப் பேர் இரண்டையும் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஜோக்கரில் நாயகன் ஆர்தருடைய சின்ன வயசு ஓர் ஆஸ்பத்திரிக் கோப்பிலிருந்து வெளியே வருகிறது. தாயோடு இருந்தவன் அந்தப் பிள்ளையை அடித்திருக்கிறான், ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து மனசு கசியாதவன் மனுஷனில்லை. ஆனால் அதே படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. உங்கள் விவாதங்களில் அதை யாரும் எடுப்பதில்லை. பழைய கூட்டாளிகள் இருவர் ஆர்தரின் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவனை அவன் கத்திரிக்கோலால் குத்திக் கொல்கிறான். இன்னொருவன் கேரி, குள்ளமான மனிதன், மூலையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். கதவுச் சங்கிலி அவனுக்கு எட்டவில்லை. ஆர்தரே எழுந்து வந்து கதவைத் திறந்து விடுகிறான், நீ ஒருவன்தான் என்னிடம் அன்பாக இருந்தாய் என்று சொல்லி அனுப்புகிறான். அந்தப் படத்தின் சாவி அங்கேதான் இருக்கிறது. யாரைக் கொல்வது, யாரை விடுவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. சின்ன வயசு அவனை எவ்வளவோ சிதைத்திருக்கிறது, ஆனால் இதைத் தீர்மானிக்கிற சக்தியை முழுசாகப் பறித்துவிடவில்லை. இன்னொன்றும் அங்கே தெரிகிறது. என்றோ ஒருவன் காட்டிய சின்ன அன்பு, பிற்பாடு அவனுடைய உயிரையே காப்பாற்றுகிறது.

நம் நீதிமன்றங்கள் இந்த இரண்டு கணக்கையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. கொலை வழக்கில், இவன் செய்தானா இல்லையா என்பது முதல் கட்டம். அங்கே குடிகார அப்பனுக்கு இடமில்லை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, என்ன தண்டனை என்பது இரண்டாம் கட்டம். அங்கேதான் சின்ன வயசு உள்ளே வருகிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கா ஆயுளா என்று பார்க்கும்போது குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது. 2022இல் மனோஜ் வழக்கில் இன்னும் ஒரு படி போய், தூக்குத் தண்டனை கேட்கிற வழக்குகளில் அந்த மனிதனின் குடும்பச் சூழல், சின்ன வயதில் பட்ட வன்முறை, கவனிப்பாரற்றுக் கிடந்த நிலை ஆகிய விவரங்களைத் திரட்டி நீதிபதிக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நான் இதை மனசார ஆதரிக்கிறேன். உயிரை எடுப்பதற்கு முன்னால் அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று ஒரு தேசம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், இரண்டாம் கட்டத்தில் வர வேண்டிய கோப்பைத் தூக்கி முதல் கட்டத்துக்குள் போட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் பார்க்கிறவர்கள் "இவன்மேல் என்ன தப்பு?" என்று கேட்டுக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ‘அசுரன்’ படத்துக்கு மூலம் பூமணி அண்ணாச்சியின் ‘வெக்கை’ நாவல், 1982இல் வந்தது. அவர் கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டிக்காரர். படத்தை மட்டும் பார்த்தவர்கள் தயவுசெய்து புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். சிதம்பரம் பதினைந்து வயசுப் பையன். அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பழிவாங்க இருட்டில் காத்து நிற்கிறான். கையை வெட்டிவிட வேண்டும் என்பதுதான் அவன் போட்டிருந்த திட்டம், ஆள் செத்துவிடுகிறான். கதை அங்கேதான் தொடங்குகிறது. கொலை முடிந்த பிறகுதான் நமக்கு அந்தப் பையன் அறிமுகமாகிறான்.

அதற்குப் பிறகு பூமணி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அப்பனும் மகனும் ஓடி ஒளிகிறார்கள். காட்டிலும் பொட்டலிலும் எங்கே படுப்பது, எதைப் பறித்துத் தின்பது, தண்ணிக்கு எங்கே போவது, வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் என்ன ஆனார்களோ என்கிற கவலை. நடுநடுவே பேச்சில்தான் அண்ணன் வருகிறான், நிலத் தகராறு வருகிறது. இவனுக்காக அழுங்கள் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் நம் கையைப் பிடிக்கவில்லை. கடைசியில் இருவரும் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். செய்ததற்குப் பதில் சொல்லத்தான் அந்த நடை. இத்தனை வருஷம் கழித்துப் படித்தாலும் அந்தப் பையன்மேல் எனக்கு வருகிற இரக்கம் குறையவில்லை, ஒரு ஆள் செத்தான் என்பதும் மறக்கவில்லை. நம் மண்ணிலிருந்து வந்த ஒரு எழுத்து இரண்டையும் ஒரே மூச்சில் தாங்கிக் காட்டியிருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயலினை நம்புவானேன்?

அந்த நாவலைப் பற்றி உங்களிடம் கேட்க ஒரு கேள்வியும் வைத்திருக்கிறேன். வடக்கூரானுக்குச் சின்ன வயசு இல்லையா? அவன்தானே அந்தக் கதையில் வில்லன். நீங்கள் எழுதுகிற கதைகளிலும் சரி, பெரிய படங்களிலும் சரி, பால்யம் கொடுக்கப்படுவது எப்போதும் ஏழை வில்லனுக்குத்தான். குப்பத்திலிருந்தும் காலனியிலிருந்தும் வந்தவனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. பண்ணையாருக்கும் மில் முதலாளிக்கும் கிடையாது. அவர்கள் மீசையோடும் ஜீப்போடும் பிறந்துவிடுகிறார்கள்.

உங்களில் யாராவது வடக்கூரானின் பால்யத்தை எழுதினால் முதல் ஆளாக நான் வாங்கிப் படிப்பேன். அவன் அடி வாங்கியிருக்க மாட்டான், பசித்திருக்க மாட்டான். ஏழு வயசுப் பையன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். தாத்தா வயசில் ஒரு மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பார். இவன் அவரைப் பெயர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிடுவான். வீட்டில் யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். அவரும் "சொல்லுங்க சின்ன மொதலாளி" என்று பதில் சொல்வார். கரிசல் காட்டுக் கிராமங்களில் இப்படிப் பேசி வளர்ந்த பிள்ளைகளை நம் தாத்தா பாட்டிகள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். இல்லை என்ற சொல்லையே கேட்காமல் ஒரு குழந்தையை வளர்ப்பதும் அந்தக் குழந்தைக்குச் செய்கிற கொடுமைதான். நாளைக்கு ஒருவன் தன் நிலத்தை விற்க மாட்டேன் என்று சொன்னால் அவனுக்குத் தாங்காது. வறுமையை மட்டும்தான் கெட்ட சின்ன வயசு என்று காட்டுவீர்களானால், குற்றம் என்பது ஏழை வீட்டில் விளைகிற பொருள் என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

நம் தெக்கத்திச் சீமையின் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு இந்தப் பக்குவம் நெடுங்காலமாகவே உண்டு. சுடலைமாடன் கதையைக் கொடை ராத்திரியில் முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை. பசி அடங்காமல் ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்கிறான். தெரிந்ததும் பெற்றவர்களே கைலாசத்தை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிறப்பைப் பாடும்போது தாலாட்டும் வரும். அதே பாட்டுக்காரர்தான் பிற்பாடு மாவிசக்கி என்ற பெண்ணுக்கு மாடன் செய்த கொடுமையையும் பாடுவார். நிறைமாத சூலியைப் பலி கேட்டதை ஒரு வரியும் குறைக்க மாட்டார், குரலைத் தாழ்த்தவும் மாட்டார். பசித்த பிள்ளை என்று அழுத சனம் அந்த இடத்தில் நடுங்கும். படையலும் போடுவார்கள், பயமும் வைத்திருப்பார்கள். கொலையுண்டவர்களை எடுத்துப் பீடம் போட்டு, பெயர் சொல்லிக் கும்பிடுகிற பூமியும் இதுதான். உங்கள் படத்தில் செத்தவனுக்குப் பெயராவது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் பார்த்த பலவற்றில் இல்லை. டீக்கடைக்காரர், வாட்ச்மேன், அந்தப் பொம்பளை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கதை சொல்லும் நியாயம். என் மனசை அறுப்பது வேறு ஒன்று. உங்கள் படங்களில் இரக்கம் எப்போதுமே பிந்தி வருகிறது. பத்து வயசில் வர வேண்டியது முப்பது வயசில், கத்தியில் ரத்தம் காய்ந்த பிறகு வருகிறது. நம் மானாவாரிக் காட்டில் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடப்போம். அப்போது பெய்யாமல், உளுந்தும் பாசியும் அறுப்புக்கு நிற்கிற தையில் கொட்டித் தீர்க்கும். மழைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் செடியிலேயே காய் முளைத்துப் போகும்.

காலத்தில் வந்த இரக்கம் எப்படி இருக்கும் என்பதையும் ஒரு கரிசல்காரரே எழுதிவைத்திருக்கிறார். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற இடைசெவல், கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளி வருகிறது. தாயம்மாளின் வீட்டில் பிள்ளைகளுக்கே முழுசாக உடுத்தக் கிடையாது. அந்த வீட்டு வாசலுக்கு அப்பனும் ஆத்தாளும் இல்லாத ஒரு பையன் வந்து சேருகிறான். உடம்பெல்லாம் சிரங்கு, மேலில் துணி இல்லை. பெயர் ராஜா. அந்தத் தாய் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். உடுத்த என்ன கொடுப்பது? புருஷனுக்கென்று வாங்கிவைத்த ஒரு துண்டுதான் வீட்டில் இருக்கிறது. ஒரு கணம் தடுமாறுகிறாள். பிறகு எடுத்துக் கொடுத்துவிடுகிறாள்.

எத்தனை வருஷம் வகுப்பில் நடத்தியிருந்தாலும் அந்தத் துண்டைக் கொடுக்கும் இடத்தில் எனக்குக் குரல் கம்மிப்போகும். கவனியுங்கள், ஒரு வில்லனின் ஃபிளாஷ்பேக்குக்கு வேண்டிய எல்லாமே அந்தப் பையனிடம் இருக்கிறது. அநாதை, பசி, நோய், தெரு. ஊரே கொண்டாடுகிற நாளில் அவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தால் ராஜா என்னவாக ஆகியிருப்பான் என்று அழகிரிசாமி சொல்லவில்லை. ஒரு கதவு திறந்ததைச் சொல்லியிருக்கிறார். உங்கள் வில்லனின் சின்ன வயசில் அப்பனின் பெல்ட்டைக் காட்டுகிறீர்கள். பக்கத்து வீட்டைக் காட்டுவதில்லை. அலறல் கேட்டும் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டவர் யார்? நெற்றியில் வீக்கத்தோடு வந்த பையனிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று மட்டும் கேட்ட வாத்தியார் யார்? அவர்களையும் ஃபிரேமுக்குள் கொண்டுவாருங்கள். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே தங்களைக் கண்டுகொள்வார்கள். அந்தச் சங்கடத்தோடு வீட்டுக்குப் போகிறவர் நாளைக்கு ஒரு கதவைத் தட்டக்கூடும். வில்லனுக்காக உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறவர் தட்ட மாட்டார்.

கடைசியாகத் தீப்பெட்டி ஆபீஸ் பற்றி. உங்களில் ஒருவர் அனுப்பிய திரைக்கதையைப் படித்துவிட்டுத்தான் இந்த மடலை எழுதவே உட்கார்ந்தேன். அதில் கொலைகாரனின் சின்ன வயசு தீப்பெட்டி ஆபீஸில் நடக்கிறது. இருட்டு விலகுமுன் ஊருக்குள் வந்து ஹார்ன் அடிக்கிற கம்பெனி பஸ், கையில் தூக்குச்சட்டி, தூக்கம் கலையாத பிள்ளைகள். உள்ளே வரிசையாக உட்கார்ந்து கட்டை அடுக்குகிறார்கள். ஒரு சட்டம் நிறைய ஒவ்வொரு குச்சியாக வரித் தடத்தில் கிடத்தி, மேலே அடுத்த கட்டையை வைத்து, நிறைந்ததும் முடுக்கி மருந்து முக்க அனுப்ப வேண்டும். விரல் ஓடுகிற வேகத்தையும் கணக்குப்பிள்ளையின் குரலையும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ சொல்லித்தான் இவ்வளவு துல்லியம் வந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் சின்ன வயசு அதுதான். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலிலிருந்து எழுந்தது. பூமணி அண்ணாச்சியே ‘கருவேலம்பூக்கள்’ என்று இதைப் பற்றிப் படம் எடுத்தார். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள்? பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார்கள், உங்களில் பல பேருக்கு அம்மாவாக இருக்கிறார்கள். அதே இருட்டு, அதே பஸ், சில வீடுகளில் அதே பெல்ட். அவர்கள் யாரையும் வெட்டவில்லை. பட்ட பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு, தன் பிள்ளையை அடிக்காமல் வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும் என்று எந்தப் படமும் காட்டியதில்லை.

இன்னொரு கெடுதலையும் யோசியுங்கள். இந்தச் சின்ன வயசிலிருந்துதான் கொலைகாரன் வருவான் என்று திரையில் திரும்பத் திரும்பக் காட்டினால், ஜனங்கள் இரக்கத்தைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள், சந்தேகத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். குடிகாரன் மகனைப் பார்த்து, "இவனும் அப்படித்தான் வருவான்" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். தெருவில் திருட்டுப் போனால் முதலில் எந்த வீட்டுப் பையனைத் தேடி ஜீப் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் ஃபிளாஷ்பேக் அந்த ஜீப்புக்கு வழி காட்டிவிடக் கூடாது.

அந்தத் திரைக்கதையில், கட்டை அடுக்குகிற இடத்தில் பையனுக்குப் பக்கத்தில் அவனுடைய தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயசு. அவன் சட்டத்தில் குச்சி குறைந்தால் தன்னுடையதிலிருந்து எடுத்து நிரப்புகிறாள். அப்பன் அடிக்க வருகிற ராத்திரியில் அவளும் அதே மூலையில்தான் சுருண்டு கிடக்கிறாள். ஃபிளாஷ்பேக் முடிந்ததும் படத்தில் அவள் இல்லை. அவனுக்கு இருபது பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

அவள் என்ன ஆனாள் தம்பி? அதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர்